‘இல்லை’ என்றாவது எழுதுங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான திசுவைப் பார்த்து அறிக்கை எழுதும் நோயியல் மருத்துவர்களுக்கும், அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் பேசும் அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துபவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் பிழைப்பு. தொழிலுக்கு வரும் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: தவறாக எழுதியிருப்பதைப் பிடிப்பது சுலபம், எழுதாமல் விட்டிருப்பதைப் பிடிப்பதுதான் வித்தை. தேவையில்லாத இடத்தில் ஒற்று மிகுந்திருந்தால் கண்ணை உறுத்தும். ஒரு வரியே விழுந்துபோயிருந்தாலோ, மேல்வரியும் கீழ்வரியும் கைகோத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த நான், என் வயிற்றிலிருந்து எடுத்த கருப்பையைப் பற்றிய ஒன்றரைப் பக்க அறிக்கையில் ஒரு வரி இல்லாததைப் பார்க்கத் தவறினேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அறுவை முடிந்து பதினோராம் நாள். மருத்துவர் அறிக்கையைப் புரட்டினார். “நிணநீர் முடிச்சு இருபத்தொன்று எடுத்திருக்கிறோம், எல்லாம் சுத்தம். ஆரம்பக் கட்டம்தான் அம்மா. மேற்கொண்டு ஒன்றும் தேவைப்படாது. மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்றார். என் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அறையைவிட்டு வெளியே வர எங்களுக்கு ஆறு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அறிக்கையில் இருந்தவை இவை. கட்டி 2.6 செ.மீ. கருப்பை வாயின் சுவருக்குள் நடு மூன்றில் ஒரு பங்கு ஆழம்வரை இறங்கியிருக்கிறது. வெட்டு விளிம்புகளில் நோய் இல்லை. பக்கவாட்டுத் திசுக்களில் நோய் இல்லை. முடிச்சுகளில் நோய் இல்லை. செதிள் செல் வகை. அவ்வளவுதான். நிணநீர் நாளங்களுக்கோ நுண்ணிய இரத்த நாளங்களுக்கோ உள்ளே புற்றுச் செல்கள் புகுந்திருக்கின்றனவா என்பதைப் பற்றி, நீங்கள் எல்.வி.எஸ்.ஐ. என்று சொல்வதைப் பற்றி, ஒரு சொல் இல்லை. உள்ளது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

என் தங்கை ஒரு சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டில்கூடத் தேதியை இரண்டு முறை பார்ப்பவள். என் திசுவின் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை, அதாவது ஸ்லைடுகளை, வாங்கி வேறொரு மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கு அவள் மீது எரிச்சல்தான் வந்தது. நல்ல செய்தி வந்த வீட்டில் இது என்ன வேண்டாத வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்த மறு ஆய்வு, முதல் அறிக்கையின் ஒவ்வோர் அளவையும் அப்படியே ஒப்புக்கொண்டது. கடைசியில் ஒரே ஒரு வரியைக் கூட்டியிருந்தது: ‘நிணநீர் நாளங்களுக்குள் புற்றுச் செல் திரள்கள் பல இடங்களில் உள்ளன.’ அறுவை முடிந்த ஆறாவது வாரத்தில் எனக்குக் கதிர்வீச்சு தொடங்கியது. ஐந்து வாரம், 25 முறை.

ஒரு வரிக்கு இவ்வளவு கனமா என்று மற்ற வாசகர்கள் கேட்கக்கூடும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மடல் திறந்தது என்பதால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நிணநீர் முடிச்சில் நோய் இல்லாத, அறுவை முடிந்த 277 பெண்களை வைத்து அமெரிக்காவின் மகளிர் புற்றுநோய் ஆய்வுக் குழு ஒன்று நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. முதல் ஆசிரியர் பெயரால் அதன் அளவுகோலை செட்லிஸ் அளவுகோல் என்கிறார்கள். அதில் பார்ப்பவை மூன்று: கட்டி எவ்வளவு பெரியது, சுவரின் எந்தப் பங்குவரை இறங்கியது, நாளங்களுக்குள் புகுந்ததா. மூன்றையும் தனித்தனியே பார்ப்பதில்லை, சேர்த்துப் பார்க்கிறார்கள். நாளப் புகுதல் இருந்து, ஆழம் கடைசி மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் கட்டி எந்த அளவாக இருந்தாலும் கதிர்வீச்சு. நாளப் புகுதலோடு ஆழம் நடுப்பங்கில் நின்றால், கட்டி 2 செ.மீ. எட்டினாலே போதும். மேல்பங்கோடு நின்றுவிட்டால் 5 செ.மீ. ஆகவேண்டும். நாளப் புகுதல் இல்லையென்றால், நடுப்பங்கோ கடைசிப் பங்கோ எதுவானாலும், 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிக்கு இந்தக் கணக்கில் கதிர்வீச்சு இல்லை.

இப்போது என் அறிக்கையை அதில் வைத்துப் பாருங்கள். 2.6 செ.மீ., நடுப்பங்கு. நாளப் புகுதல் இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். உண்டு என்றால் 25 முறை அந்த மேசையில் படுக்கவேண்டும். மற்ற எல்லா அளவும் சரியாக இருந்தும் பயனில்லை. எழுதாமல் விட்ட வரியில்தான் என் வழி இரண்டாகப் பிரிந்தது. அந்த மௌனத்தை முதல் மருத்துவர் ‘இல்லை’ என்று படித்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன்.

அந்த ஆய்வில் கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 28 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு. கிட்டத்தட்டப் பாதி. ஆனால் 2006இல் வந்த நீண்டகாலத் தொடர்ச்சியில், நோய் திரும்புவது குறைந்தது உறுதியானாலும், ஆயுள் கூடியது என்று புள்ளியியல்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. இதையும் நான் பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கதிர்வீச்சுக்கு ஒப்புக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு, தெரியாமல் தலையாட்டுவது வேறு.

முதல் அறிக்கை எழுதியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. அவர் பெயரும் வேண்டாம், இடமும் வேண்டாம். நாளப் புகுதலைப் பார்ப்பது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பதை இரண்டாவது மருத்துவர் எனக்கு நுண்ணோக்கியிலேயே காட்டினார். ஃபார்மலினில் ஊறும்போது திசு சுருங்குகிறது. கட்டியைச் சுற்றி மெல்லிய வெற்றிடம் விழுகிறது. அந்த வெற்றிடம் அச்சு அசலாக ஒரு நாளம் மாதிரியே இருக்கிறது. உண்மையான நாளத்துக்கு உள்சுவரில் ஓர் அடுக்குச் செல்கள் இருக்கும், பொய்யான இடைவெளிக்கு இருக்காது. “இதோ பாருங்கள், ஓரத்தில் தட்டையாக, நீலமாக, கோடு போட்டதுபோல்” என்றார். எனக்கு முதலில் ஊதா நிறக் கோலம்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வாய்க்கால் ஓரத்துச் செங்கல்போல மெல்லிய ஒரு வரிசை, அதற்குள் நடுவில் மிதக்கும் ஒரு கொத்து. என்னுடைய கொத்து. சந்தேகம் இருந்தால் டி2-40 என்னும் நோயெதிர்ப்புச் சாயம் ஏற்றி நிணநீர் நாளத்தின் சுவரைத் தனியாகப் பிரித்துக் காட்டமுடியும் என்றும் சொன்னார். இரண்டு நிபுணர்கள் ஒரே ஸ்லைடைப் பார்த்து மாறுபடுவதும் உண்டாம்.

எனவே நான் கேட்பது அதிசயக் கண்களை அல்ல. மூன்று சொற்களில் ஒன்றைக் கேட்கிறேன்: உள்ளது, இல்லை, தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவதை எழுதுவதில் எந்தக் கௌரவக் குறைவும் கிடையாது. அதைப் பார்த்தால் அறுவை மருத்துவர் தொலைபேசியை எடுப்பார். வெற்றிடத்தைப் பார்த்தால் எடுக்கமாட்டார். புற்றுநோய் அறிக்கைகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று கருப்பை வாய்க்கென்றே எதையெல்லாம் பதிவு செய்யவேண்டும் என்ற படிவத்தை வகுத்து வைத்திருக்கிறது. கட்டுரை நடையில் எழுதும் அறிக்கையில்தான் வரி விழும். கட்டம் போட்ட படிவத்தில் காலிக் கட்டம் பல்லிளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிழை திருத்துபவளாக இதை என்னால் சத்தியம் செய்து சொல்லமுடியும்.

இனி அறுவை மருத்துவர்களிடம் வருகிறேன். உங்களோடு எனக்குச் சண்டை ‘ஆரம்பக் கட்டம்’ என்ற சொல்லைப் பற்றி.

அந்தச் சொல் ஆறுதலுக்காகச் சொல்லப்படுகிறது, எனக்குத் தெரியும். நோய் கருப்பை வாயைத் தாண்டாமல் இருக்கும்போது கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் 90 சதவீதத்தை எட்டுகிறது. ஆறுதல் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரை அடைக்கிறீர்கள் என்று பாருங்கள். நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற, 3 மி.மீ. ஆழத்தைத் தாண்டாத, நாளப் புகுதல் இல்லாத, 1ஏ1 என்று நீங்கள் குறிக்கும் உட்கட்டத்துப் பெண்ணும் அதற்குள் இருக்கிறார். அவருக்கு முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, விளிம்பு சுத்தமாக இருந்தால், கருப்பையையே வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். கட்டி 4 செ.மீ.யை நெருங்கும் 1பி2 பெண்ணும் அதே சொல்லுக்குள்தான் இருக்கிறார். இருவரையும் ஒரே வார்த்தையால் அழைத்தால், ஒருவர் தேவையில்லாமல் பயப்படுவார், மற்றவர் தேவையான அளவு கேள்வி கேட்கமாட்டார்.

கட்டத்தின் எண்ணைச் சொன்னாலும் முழுக்கதை வந்துவிடுவதில்லை. ஃபீகோ என்ற, மகளிர் நல மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018இல் கட்டங்களைத் திருத்தியது. 2 செ.மீ.க்குக் குறைந்தால் 1பி1, 2 முதல் 4க்குள் இருந்தால் 1பி2, 4ஐ எட்டினால் 1பி3. முடிச்சில் நோய் இருந்தால் கட்டி எவ்வளவு சிறியதானாலும் 3சி. பழைய முறையில் 4 செ.மீ. வரை எல்லாமே 1பி1 என்று இருந்தது. நான் இரவெல்லாம் விழித்து இணையத்தில் தேடியபோது, பழைய 1பி1இன் கணக்கைப் புதிய 1பி1இன் கணக்காக நினைத்து இரண்டு நாள் குழம்பிக் கிடந்தேன். பெயர் ஒன்று, ஆள் வேறு. இதை ஒரு வாக்கியத்தில் சொல்லி என் இரண்டு இரவுகளைக் காப்பாற்றியிருக்கலாம். இன்னொன்று: நாளப் புகுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டத்தின் எண் மாறாது என்பது விதி. என் சிகிச்சையை முடிவு செய்த அந்தச் செய்திக்குக் கட்டத்தின் எண்ணில் இடமே இல்லை. பிறகு எண்ணை மட்டும் சொல்லி எங்களை அனுப்புவது எப்படிப் போதும்?

முடிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எல்லாவற்றிலும் கனமான குறி என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. முடிச்சிலோ, பக்கவாட்டுத் திசுவிலோ, வெட்டு விளிம்பிலோ நோய் இருந்தால், கதிர்வீச்சோடு கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது 2000இல் வெளியான ஆய்விலிருந்தே நடைமுறை. அதில் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் நான்காண்டு முடிவில் 81 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள், கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களில் 71 சதவீதத்தினர். ஆனால் இதன் மறுபக்கம்தான் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. 1990இல் வெளியான, முதல் கட்டப் பெண்கள் 645 பேரைக் கொண்ட ஆய்வில், முடிச்சில் நோய் இருந்தவர்களில் மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் 74.4 சதவீதம். முடிச்சு சுத்தமாக இருந்தவர்களில் 85.6. இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று படியுங்கள். முடிச்சு சுத்தமாக இருந்தும் ஏழில் ஒருவருக்கு நோய் திரும்பியிருக்கிறது. அது பழைய காலம், இன்றைய ஸ்கேன்கள் வேறு, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ‘முடிச்சு சுத்தம்’ என்பதைக் கேட்டதும் என் கணவர் எழுந்து கும்பிட்டாரே, அந்தக் கும்பிடு அவசரக் கும்பிடு என்பது உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

சுத்தம் என்பதற்கும் அளவு உண்டு என்பதைச் சொல்லாமல் விடமுடியவில்லை. முடிச்சில் 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஒரு பெயர், 0.2 முதல் 2 வரை இருந்தால் நுண்பரவல் என்று ஒரு பெயர், அதற்கும் கீழே உதிரிச் செல்கள் என்று ஒரு பெயர். முடிச்சை நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால் தெரியாதது, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்தால் தெரியும். ஆகவே எத்தனை முடிச்சு எடுத்தீர்கள் என்பதோடு எப்படிப் பார்த்தீர்கள் என்பதும் எங்களுக்கு வேண்டும்.

செல் வகையைப் பற்றி நீட்டி முழக்க எனக்குத் தகுதியில்லை. செதிள் செல் வகை எனக்கு. அடினோகார்சினோமா என்னும் சுரப்பி வகையில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி. வைரஸால் வந்தது, அதற்குச் சம்பந்தமில்லாமல் வந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பிரித்திருக்கிறது என்பதும், இரண்டாவதில் இரைப்பைச் சாயல் கொண்ட வகை சிறிய கட்டியாக இருக்கும்போதே முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் என்பதும், அரிதாக வரும் சிறுசெல் வகையும் அப்படித்தான் என்பதும் தெரியும். அந்த வகைக்காரப் பெண்ணிடம் ‘ஆரம்பக் கட்டம்தான்’ என்று சொல்லி நிறுத்துவது என்னிடம் சொன்னதைவிடப் பெரிய பிழை.

நோயின் போக்கைத் தீர்மானிப்பவை என்று பட்டியல் போடும்போது எல்லாமே எங்கள் உடம்புக்குள் இருப்பவையாகவே எழுதுகிறீர்கள். கட்டி, ஆழம், முடிச்சு, புகைப் பழக்கம், எதிர்ப்பாற்றல். எல்லாம் உண்மை. உங்கள் கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 2018 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வு உங்கள் துறையையே உலுக்கியது. 631 பெண்கள். பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்து, பாதிப் பேருக்குச் சிறு துளை வழியாகவோ ரோபோ உதவியோடோ, சுற்றுத் திசுக்களையும் சேர்த்து எடுக்கும் விரிவான கருப்பை நீக்கம். நாலரை ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86. சின்னத் தழும்பு, சீக்கிரம் வீடு என்று எல்லோரும் நல்லதாகவே நினைத்திருந்த முறை. கருப்பையை அசைக்கச் செருகும் கருவியா, வயிற்றில் ஏற்றும் வாயுவா, கட்டி வயிற்றறைக்குள் திறந்துகொள்வதா, காரணம் எது என்று விவாதம் நடந்தது. ஆய்வை நடத்தியவர்களே தங்களுக்குப் பிடித்த முறைக்கு எதிரான முடிவை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். உங்கள் துறை மீது எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். அந்த நேர்மை கலந்தாய்வு அறைக்குள்ளும் வரட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

குறைத்துச் செய்வதிலும் அதே நேர்மை வேண்டும். 2024இல் வந்த ஷேப் ஆய்வு 700 பெண்களைப் பார்த்தது. கட்டி 2 செ.மீ.க்குள், ஆழமும் குறைவு. சாதாரணக் கருப்பை நீக்கத்துக்குப் பின் மூன்றாண்டில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது 2.52 சதவீதம், விரிவான நீக்கத்துக்குப் பின் 2.17. பெரிய வித்தியாசமில்லை, ஆனால் சிறுநீர்த் தொல்லை சாதாரண முறையில் குறைவு. ஆக, கட்டியின் அளவும் ஆழமும் சரியாக அளக்கப்பட்டால் ஒரு பெண் தன் சிறுநீர்ப்பையின் நரம்புகளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அளப்பது பயமுறுத்துவதற்கு மட்டும் பயன்படுவதில்லை.

எனக்கு இரண்டும் நடந்தன. விரிவான அறுவையும் கதிர்வீச்சும். சாயங்காலம் ஆனால் இடது கால் செருப்புக்குள் போக மறுக்கிறது. முதல் ஆண்டில் குடலும் சரியாக நடந்துகொள்ளவில்லை. 1997இல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வு எனக்குப் பிற்பாடு கிடைத்தது. ஏறக்குறைய இதே கட்டத்தில் அறுவையையும் கதிர்வீச்சையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு இரண்டு பக்கமும் 83 சதவீதம். கடுமையான பக்கவிளைவு அறுவைப் பக்கம் 28, கதிர்வீச்சுப் பக்கம் 12. அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதன்பின் கதிர்வீச்சும் எடுக்கவேண்டி வந்தது இதில் முக்கியமான விஷயம். அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்க்கும்போதே, “உங்களுக்கு இரண்டும் தேவைப்படக்கூடும், அப்படியானால் இன்னின்ன நேரும்” என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் என்ன முடிவெடுத்திருப்பேன் என்று தெரியவில்லை. அறுவையையே தேர்ந்திருக்கலாம். ஆனால் கேள்வி என் முன்னால் வைக்கப்படவில்லை.

ஒரு நாள் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, அறுவையின்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருக்கும் 1பி2தான். “அக்கா, உங்களுக்குக் கரண்ட் கொடுத்தார்களாமே, எனக்கு ஏன் கொடுக்கவில்லை? என்னுடைய கட்டி உங்களுடையதைவிடப் பெரிது என்றுதானே சொன்னார்கள்? பணம் கட்டமாட்டோம் என்று விட்டுவிட்டார்களோ?” என்று கேட்டார். ஓராண்டுக்கும் மேலாக அந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறார். கணவரிடம்கூடக் கேட்கவில்லையாம். அவருடைய கோப்பை வாங்கிப் பார்த்தேன். கட்டி 3.1 செ.மீ. வெளிநோக்கி வளர்ந்தது. சுவருக்குள் மேல் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த வரி, தனி வரியாக, ‘நாளங்களுக்குள் புற்றுச் செல்கள்: இல்லை.’

பெஞ்சில் வைத்துப் பென்சிலால் ஒரு சுவர் வரைந்து மூன்றாகப் பிரித்தேன். என் கட்டி எங்கே இறங்கியது, அவருடையது எங்கே நின்றது என்று கோடு போட்டேன். என் கோட்டின் அடியில் ஒரு வாய்க்கால், அதற்குள் புள்ளிகள். அவருடையதன் கீழ் ஒன்றும் வரையவில்லை. அவர் அந்த ‘இல்லை’ மீது விரலை வைத்து, “இதுதானா அக்கா, இது ஒன்றுதானா?” என்றார். ஆழமும்தான் என்று திருத்தினேன். தொழில் புத்தி. ஆனால் அவர் விரலை எடுக்கவில்லை. எங்களுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. என்னால் பத்து நிமிடத்தில் முடிந்தது உங்களால் ஐந்தில் முடியும்.

நேரமில்லை என்பீர்கள். வாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்திருக்கிறேன், அந்த நாற்பதில் ஒருத்தியாக. எல்லாப் பெண்களும் எண்களைக் கேட்க விரும்பமாட்டார்கள் என்பீர்கள். அதுவும் சரி. என் அத்தை வயதில் இருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, “என் பையனிடம் சொல்லுங்கள்” என்றதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் “தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, எவ்வளவு?” என்று கேட்க அரை நிமிடம் போதும். விரும்புகிறவர்களுக்கு அறிக்கையின் நகலைக் கொடுத்து, எந்த வரி சிகிச்சையை முடிவு செய்தது என்று அதன் அடியில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். சதவீதம் சொல்லும்போது அது எந்த ஆண்டின், எப்படிப்பட்ட பெண்களின் கணக்கு என்றும் சொல்லுங்கள். நூறு பேரின் கணக்கில் நான் எந்தப் பக்கம் விழுவேன் என்று உங்களுக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் நாங்கள் ஓடிவிடமாட்டோம்.

எப்படி வந்தது என்ற கேள்வியை உறவினர்கள் கேட்கும் தொனி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எச்.பி.வி. பாலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வையும் தெரிந்திருக்கும். பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்துபோகிற தொற்று அது என்று ஒருமுறை, கணவர் பக்கத்தில் இருக்கும்போது, சத்தமாகச் சொல்லிவிடுங்கள். நோயின் போக்கோடு இதற்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் தொடர் பரிசோதனைக்கு வராமல் நின்றுபோகும் பெண்களில் சிலர் வெட்கத்தால் நிற்கிறார்கள். நோய் திரும்புவதானால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் பெரும்பாலும் திரும்புகிறது. அந்தக் காலத்தில் ஒரு பெண் வராமல் போவதற்கு விலை உண்டு.

நோயியல் மருத்துவர்களே, உங்களிடம் இன்னும் இரண்டு. கூம்பு வடிவ வெட்டு முதலில் நடந்து, பிறகு கருப்பை எடுக்கப்பட்டால், இரண்டாவது அறிக்கையில் ‘புற்று எதுவும் மீதமில்லை’ என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டுத் தனக்குப் புற்றே இருந்ததில்லை என்று நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். முதல் துண்டில் இருந்த அளவையும் இரண்டாவதில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்து ஒரே இடத்தில் எழுதுங்கள். இரண்டு துண்டுகளும் வெவ்வேறு இடங்களில் பார்க்கப்பட்டிருந்தால், அதையாவது குறிப்பிடுங்கள்.

மற்றது, ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் கேட்டு யாராவது வந்து நின்றால் முகம் சுளிக்கவேண்டாம். என் தங்கை மூன்று முறை நடந்தாள். முதல் முறை, “ஏன், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார்களாம். இரண்டாம் முறை, பொறுப்பாளர் விடுப்பு. மூன்றாம் முறை கொடுத்தார்கள், ஒரு பழைய மாத்திரைப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி, மேலே என் பெயரைத் தப்பாக எழுதி. அதை மட்டும் நான் உடனே கவனித்தேன்.

இப்படிக்கு,
அறுவை முடிந்து மூன்றாண்டு கடந்த, இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வாசலில் வந்து உட்காரும் ஒருத்தி